முதல் ஆய்வுக் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்புகிறவருக்கு: தரவுக் கோப்பு முதல் திருத்தக் குறிப்பு வரை

ஆய்வு முடிந்துவிட்டது. வரைபடங்கள் தயார். கைடு "சீக்கிரம் அனுப்பு" என்கிறார். ஆனால் எங்கே அனுப்புவது, யார் பெயரை எந்த வரிசையில் போடுவது, கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் கடுமையாக எழுதினால் என்ன பதில் சொல்வது, வெளியிடப் பணம் கேட்டால் கொடுக்கலாமா என்பதையெல்லாம் யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. பக்கத்து மேஜையில் இருப்பவரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். அவர் தப்பாகக் கற்றிருந்தால் நமக்கும் அதே தப்பு வந்து சேர்கிறது. கட்டுரை எழுதியும், மற்றவர்கள் கட்டுரையை மதிப்பிட்டும், மாணவர்கள் இந்தக் குழப்பத்தில் தவிப்பதைப் பார்த்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு கேள்வியை மட்டும் கடைசிவரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்: என்னைத் தெரியாத ஒருவர் நான் சொல்வதைச் சரிபார்க்க முடியுமா? கீழே வரும் ஒவ்வொரு படியிலும் குழப்பம் வந்தால் இந்தக் கேள்விக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் வழி தெரியும்.

இந்த அமைப்பு எப்படி ஓடுகிறது

அறிவியல் இதழ்கள் 1665லேயே தொடங்கிவிட்டன. லண்டனில் ராயல் சொசைட்டியின் இதழை ஹென்றி ஓல்டன்பர்க் ஆரம்பித்த ஆண்டு அது. ஆனால் வெளியாள் ஒருவர் படித்து மதிப்பிட்ட பிறகே அச்சேற்றுவது என்ற வழக்கம் நாம் நினைப்பதைவிடப் புதியது. நேச்சர் இதழ் அதை முறையாகக் கடைப்பிடிக்கத் தொடங்கியது 1973ல்தான். அதனால் "மதிப்பாய்வு இல்லாவிட்டால் அறிவியலே இல்லை" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம். பயனுள்ள, குறைகள் உள்ள, மாற்றக்கூடிய ஒரு ஏற்பாடு அது.

பணம் போகும் வழியும் தெரிந்திருக்க வேண்டும். கட்டுரை எழுதுகிறவருக்கு ஜர்னல் பணம் தருவதில்லை. ரிவ்யூவருக்கும் அநேகமாகத் தருவதில்லை. இருவருக்கும் சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்தோ அரசு நிதியிலிருந்தோ வருகிறது. அப்படி உருவான கட்டுரையைப் படிக்க அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் சந்தா கட்டுகிறது. எல்செவியர் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான ரெலக்ஸ் குழுமத்தின் அறிவியல் வெளியீட்டுப் பிரிவுக்கு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாபமாக நிற்கிறது. சீர்திருத்தம் வேண்டும் என்ற குரல் இத்தனை வருடமாக ஓயாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 1: தரவைத் தொடும் முன் திட்டத்தை எழுதி வையுங்கள்

கட்டுரையின் தரம் எழுதும்போது தீர்மானமாவதில்லை, அதற்கு வெகு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. உண்மையில் எந்த விளைவும் இல்லாத 20 விஷயங்களைத் தனித்தனியாகச் சோதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 5 சதவீத வரம்பை (விளைவே இல்லாதபோதும் தற்செயலாக ஒரு முடிவு தோன்ற 20ல் ஒரு வாய்ப்பு) வைத்தால், அவற்றில் ஒன்றாவது தற்செயலாக "முக்கியமான முடிவு" போலத் தோன்ற ஏறத்தாழ 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மற்ற 19ஐயும் சொல்லாமல் அந்த ஒன்றை மட்டும் எழுதினால், ஒரு வரிகூடப் பொய் சொல்லாமலே பொய்யான கட்டுரை தயாராகிவிடும். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. ஆர்வமும் அவசரமும் போதும்.

இது வெறும் கணக்கு இல்லை. உளவியலில் வெளியான 100 ஆய்வுகளை ஒரு பெரிய குழு திரும்பச் செய்து பார்த்து 2015ல் முடிவுகளை வெளியிட்டது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் ரீதியாக முக்கியமான முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் அப்படிக் காட்டின.

ஆகவே தரவு சேகரிக்கும் முன்பே நான்கு விஷயங்களை எழுதுங்கள்: என்ன கேள்வி, எத்தனை மாதிரி, எந்தக் கணக்கு முறை, எந்தத் தரவை எப்போது விலக்குவோம். அதைத் தேதியோடு ஒரு பொதுப் பதிவேட்டில் ஏற்றி வைக்கலாம். ஓப்பன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க் என்ற தளத்தில் இதற்கு இலவச வசதி உண்டு. இதற்கு முன்பதிவு என்று பெயர். பிறகு திட்டத்தை மாற்றவே கூடாது என்று அர்த்தம் இல்லை, தாராளமாக மாற்றலாம். மாற்றியதைக் கட்டுரையில் சொல்லிவிட்டால் போதும்.

இன்னும் ஒரு படி மேலே, பதிவுசெய்த அறிக்கை என்ற வகையைச் சில ஜர்னல்கள் ஏற்கின்றன. கார்டெக்ஸ் என்ற மூளை அறிவியல் இதழ் இதை 2013ல் தொடங்கியது. முடிவு வருவதற்கு முன்பே உங்கள் கேள்வியையும் முறையையும் ரிவ்யூவர்கள் படித்துவிடுவார்கள். திட்டம் நன்றாக இருந்தால், சொன்னபடி செய்து முடிக்கும் பட்சத்தில் முடிவு எதுவானாலும் வெளியிடுவதாகக் கொள்கை அளவில் ஒப்புக்கொள்வார்கள். "விளைவு இல்லை" என்ற முடிவும் அச்சேறும். இதுவரை நான் பார்த்த சீர்திருத்தங்களில் நோயின் வேரைத் தொடுவது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். உங்கள் துறையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

படி 2: தரவுக் கோப்பை அந்நியர் படிக்கும்படி வையுங்கள்

ஒரு சின்ன உதாரணம். மரபணுக்களில் செப்ட் 2, மார்ச் 1 என்ற வகைப் பெயர்கள் இருந்தன. அவற்றை எக்செலில் தட்டினால் அது தேதி என்று நினைத்து செப்டம்பர் மாதம் 2ஆம் தேதி, மார்ச் மாதம் 1ஆம் தேதி என்று மாற்றிவிடும். மாறியது கண்ணில் படாது. மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளை 2016ல் ஒரு குழு சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருந்தது. அத்தனை ஆசிரியர்கள், அத்தனை ரிவ்யூவர்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020ல் பெயர்களையே மாற்றியது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: மூலத் தரவைத் தனிக் கோப்புறையில் வைத்து அதைத் திருத்தவே திருத்தாதீர்கள். சுத்தம் செய்வதைக் கையால் செய்யாமல் நிரல் எழுதிச் செய்யுங்கள், என்ன செய்தோம் என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், என்ன அலகு, காலியாக இருந்தால் என்ன அர்த்தம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். அப்புறம் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நண்பரிடம் கோப்புறையைக் கொடுத்து, உங்களிடம் கேட்காமல் முதல் வரைபடத்தை வரையச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்றுவிடுகிறாரோ அங்கேதான் உங்கள் குறிப்பு போதவில்லை.

கட்டுரை வெளியாகும்போது தரவையும் நிரலையும் செனோடோ போன்ற காப்பகத்தில் ஏற்றி, நிலையான எண்ணோடு இணைப்புக் கொடுங்கள். "கேட்டால் தருவோம்" என்ற வரி நடைமுறையில் உதவாது. மின்னஞ்சல் மாறும், கணினி மாறும், மாணவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். மனிதர்களின் அந்தரங்கத் தகவல் உள்ள தரவு மட்டும் விதிவிலக்கு. அதை எப்படி, யாருக்குத் தருவது என்று நெறிமுறைக் குழுவிடம் கேட்டுச் செய்யுங்கள்.

படி 3: பெயர் வரிசையை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்

நட்பு முறிந்துபோன ஆய்வகங்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் அநேகமாக இதுதான். வேலை தொடங்கும்போதே யார் முதல் பெயர், ஜர்னலோடு கடிதத் தொடர்புக்குரியவர் யார், இடையில் யாராவது விலகினால் என்ன செய்வது என்று பேசி, பேசியதை ஒரு மின்னஞ்சலில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். "நேற்று பேசியபடி" என்று தொடங்கும் நான்கு வரி போதும். மூத்தவரிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தோன்றும். அப்படி இல்லை. நல்ல கைடு இதை எதிர்பார்ப்பார்.

யார் ஆசிரியர் ஆகலாம் என்பதற்கு மருத்துவ இதழ் எடிட்டர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் நான்கு நிபந்தனைகள் பல துறைகளுக்கும் பொருந்தும். ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், வேலை முழுவதற்கும் பொறுப்பேற்கச் சம்மதம். நான்கும் வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காகவோ கருவி கொடுத்தார் என்பதற்காகவோ பெயர் சேர்ப்பது தவறு, அவர்களுக்கு நன்றியுரையில் இடம் இருக்கிறது. ராத்திரி பகலாக வேலை பார்த்த இளநிலை உதவியாளரை விட்டுவிடுவதும் அதே அளவு தவறு. யார் என்ன செய்தார்கள் என்று 14 வகைப் பங்குகளாகப் பிரித்துச் சொல்லும் கிரெடிட் என்ற பட்டியலைப் பல ஜர்னல்கள் கேட்கின்றன. கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளை ஆசிரியராகப் போட முடியாது, அவற்றால் எதற்கும் பொறுப்பேற்க முடியாது. மொழியைச் சீர்படுத்தப் பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று சொல்லிவிடுங்கள். மேற்கோள் பட்டியலை மட்டும் அவற்றிடம் விடவே விடாதீர்கள். இல்லாத கட்டுரைகளை நம்பும்படியான பெயரோடு உருவாக்கித் தரும்.

படி 4: ஜர்னலைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எல்லோரும் முதலில் கேட்பது இம்பாக்ட் ஃபேக்டர் என்ன என்று. அது என்ன கணக்கு? ஒரு ஜர்னல் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. சராசரி, அவ்வளவுதான். 10 கட்டுரை வெளியிட்ட ஒரு ஜர்னலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுரைக்கு 91 மேற்கோள், மற்ற ஒன்பதுக்கும் ஆளுக்கு ஒன்று. சராசரி 10. உங்கள் கட்டுரை அந்த ஒன்பதில் ஒன்றாக இருந்தாலும் "10 உள்ள ஜர்னலில் வெளியானது" என்ற பெருமை கிடைத்துவிடும். ஒரு தனிக் கட்டுரையைப் பற்றியோ தனி மனிதரைப் பற்றியோ அந்த எண் எதையும் சொல்வதில்லை. ஆட்களை நியமிக்கவும் பதவி உயர்வு தரவும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2013ல் வெளியானது. உலகம் முழுவதும் ஏராளமான நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. ஆனாலும் நேர்காணல் அறையில் அந்த எண்ணைத்தான் இன்னும் கேட்கிறார்கள். இளைஞர்களைத் தவறான வழிக்குத் தள்ளுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

அதற்குப் பதிலாக இப்படித் தேடுங்கள். உங்கள் மேற்கோள் பட்டியலை எடுத்து, நீங்கள் அதிகம் நம்பிப் படித்த கட்டுரைகள் எந்த ஜர்னல்களில் வந்தன என்று எண்ணுங்கள். நான்கைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவற்றில் தரவை வெளியிடச் சொல்லும் ஜர்னல் எது, மதிப்பாய்வு அறிக்கைகளைக் கட்டுரையோடு சேர்த்து வெளியிடுவது எது, மறுஆய்வுகளையும் எதிர்மறை முடிவுகளையும் ஏற்பது எது என்று பாருங்கள்.

அடுத்து, மோசடி ஜர்னல்கள். 2013ல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே அடிப்படைப் பிழைகள் வைத்த ஒரு போலிக் கட்டுரையின் 304 வடிவங்களைக் கட்டணம் வாங்கும் ஓப்பன் அக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. அன்றிலிருந்து நிலைமை சீராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் சில. உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து "மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்கள் அரிய பணியைக் கண்டு வியந்தோம்" என்று அழைப்பு வரும். ஒரு வாரத்தில் ஏற்பு என்று உறுதி தருவார்கள். கட்டணம் எவ்வளவு என்று தளத்தில் இருக்காது. நிஜமான ஒரு ஜர்னலின் பெயரையும் அட்டையையும் அப்படியே நகலெடுத்துப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு, ஆகவே மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாமல் நீங்களாகவே தேடிப் போங்கள்.

நான் மாணவர்களைச் செய்யச் சொல்வது மூன்று வேலை. முதலாவது, அந்த ஜர்னலின் கடைசி இதழில் மூன்று கட்டுரைகளை முழுவதும் படியுங்கள். உங்கள் துறையில் உங்களுக்கே கண்ணில் படும் பிழைகள் இருந்தால் அங்கே போக வேண்டாம். இரண்டாவது, எடிட்டர் குழுவில் ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரிக்கு எழுதி, இந்த ஜர்னலோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா என்று கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வந்த அனுபவம் எனக்கு உண்டு. மூன்றாவது, டிஓஏஜே என்ற ஓப்பன் அக்சஸ் இதழ்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய பதிப்பகத்தின் பெயர் மட்டும் காப்பாற்றாது. வைலி என்ற பெரிய பதிப்பகம் வாங்கிய ஹிந்தாவி நிறுவனத்தின் இதழ்களிலிருந்து 2023ல் மட்டும் 8000க்கும் அதிகமான கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. விருந்தினர் எடிட்டர்கள் நடத்திய சிறப்பிதழ்கள் வழியாக, காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் கூட்டங்கள் உள்ளே நுழைந்திருந்தன. மறுபக்கம், ஒரு ஜர்னல் சிறியது, புதியது, பணக்கார நாட்டைச் சேர்ந்ததல்ல என்பதற்காக மட்டும் அதை மோசடி என்று ஒதுக்காதீர்கள். பல்கலைக்கழகங்களும் அறிவியல் சங்கங்களும் யாரிடமும் கட்டணம் வாங்காமல் நேர்மையாக நடத்தும் இதழ்கள் ஏராளம்.

தெரியாமல் மோசடி ஜர்னலுக்கு அனுப்பிவிட்டீர்களா? பணம் கட்டாதீர்கள், உரிமைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். திரும்பப் பெறுவதாக எழுத்தில் தெரிவித்து, அந்த மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். "திரும்பப் பெறவும் கட்டணம் உண்டு" என்று மிரட்டினால் தனியாகச் சமாளிக்க வேண்டாம், கைடிடமும் நூலகரிடமும் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 5: கட்டணமும் உரிமையும்

ஓப்பன் அக்சஸ் என்றாலே பணம் கட்ட வேண்டும் என்பது தவறான எண்ணம். கட்டணம் வாங்கும் வழி ஒன்று. நேச்சர் இதழ் 2020ல் அதற்கு 9500 யூரோ என்று அறிவித்தது. எழுதவும் படிக்கவும் கட்டணமே இல்லாத இதழ்கள் இன்னொரு வழி, இவற்றை வைர ஓப்பன் அக்சஸ் என்பார்கள். மூன்றாவது பச்சை வழி: சந்தா ஜர்னலில் வெளியிட்டு, ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியைப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் நீங்களே ஏற்றுவது. இதில் மூன்று வடிவங்களைப் பிரித்து அறிய வேண்டும். முதலில் அனுப்பியது, மதிப்பாய்வுக்குப் பிறகு ஏற்கப்பட்டது, பதிப்பகம் வடிவமைத்து வெளியிட்டது. நடுவில் உள்ளதைப் பல ஜர்னல்கள் காப்பகத்தில் ஏற்ற அனுமதிக்கின்றன, சில காத்திருப்புக் காலம் வைக்கின்றன. பெரும்பாலான ஜர்னல்களின் கொள்கை ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் (முன்பு ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் இருந்தது) இருக்கும்.

கட்டணத் தள்ளுபடி வேண்டுமானால் அனுப்பும்போதே கேளுங்கள். ஏற்ற பிறகு கேட்டால் பல இடங்களில் முடியாது என்று சொல்லிவிடுவார்கள்.

படி 6: பிரீபிரிண்ட்

மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையைப் பொதுவில் வைப்பது பிரீபிரிண்ட். இயற்பியலாளர் பால் ஜின்ஸ்பார்க் 1991ல் தொடங்கிய ஆர்கைவ் என்ற தளம் இதற்கு முன்னோடி. உயிரியலுக்கு பயோஆர்கைவ் 2013லும், மருத்துவத்துக்கு மெட்ஆர்கைவ் 2019லும் வந்தன. தேதியோடு பதிவாவதால் "யோசனையைத் திருடிவிடுவார்களோ" என்ற பயத்துக்கு இது மருந்து. ஜர்னல் முடிவு சொல்ல ஒரு வருடம் ஆனாலும் உங்கள் வேலை வெளியே இருக்கும். மருத்துவம் சம்பந்தப்பட்ட முடிவாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மதிப்பாய்வு முடியாததைச் செய்தியாளர்களிடம் முடிந்த உண்மை போலப் பேசாதீர்கள்.

படி 7: அனுப்புதல்

முகப்புக் கடிதம் அரைப் பக்கம் போதும். என்ன கேள்வி, என்ன கண்டோம், இந்த ஜர்னலின் வாசகர்களுக்கு இது ஏன் தேவை. ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்பக் கூடாது. ரிவ்யூவர் பெயர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால் நண்பர்களையும் பழைய கூட்டாளிகளையும் தவிருங்கள், நிறுவன மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். போலி முகவரிகளை உருவாக்கி ஒரு கூட்டம் தங்கள் கட்டுரைகளைத் தாங்களே மதிப்பிட்டுக்கொண்டதால் 2014ல் ஒரே ஜர்னல் 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. அதனால் எடிட்டர்கள் இப்போது இதைக் கவனமாகப் பார்க்கிறார்கள்.

படி 8: மதிப்பாய்வு அறிக்கையைப் படிப்பதும் பதில் எழுதுவதும்

அறிக்கை வந்ததும் மனம் கலங்கும். அதற்கு முன் இந்த முறையின் துல்லியம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். 2014ல் நியூரிப்ஸ் என்ற கணினி அறிவியல் மாநாட்டில் ஒரு சோதனை செய்தார்கள். வந்த கட்டுரைகளில் சுமார் பத்தில் ஒரு பங்கை இரண்டு தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு ஏற்ற கட்டுரைகளில் பாதிக்கு மேல் மற்ற குழுவால் நிராகரிக்கப்பட்டன. மிக மோசமானதைக் கழிப்பதில் மதிப்பாய்வு ஓரளவு உதவுகிறது. நல்லதையும் மிக நல்லதையும் பிரிப்பதில் அதிர்ஷ்டத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. ஆகவே நிராகரிப்பை உங்கள் மேல் வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்காக ரிவ்யூவர் சொல்வதை ஒதுக்கவும் கூடாது. 1936ல் ஐன்ஸ்டைனும் நேத்தன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் இல்லை என்று முடிவுகட்டி ஒரு கட்டுரையை பிசிக்கல் ரிவ்யூவுக்கு அனுப்பினார்கள். எடிட்டர் அதை வெளியாளிடம் காட்டியதற்காகவே ஐன்ஸ்டைன் கோபப்பட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அந்த ரிவ்யூவர் சொன்னது சரி. பிறகு வேறு இதழில் வெளியானபோது முடிவு மாறியிருந்தது.

பதில் கடிதம் எழுதும் முறை இது. ரிவ்யூவரின் ஒவ்வொரு கருத்தையும் ஒரு வார்த்தை விடாமல் நகலெடுத்து, கீழே உங்கள் பதிலை வேறு நிறத்தில் எழுதுங்கள். ஒரு கருத்து இப்படி இருக்கிறது என்று வைப்போம்: "மாதிரி எண்ணிக்கை மிகக் குறைவு. இந்த முடிவை ஏற்க முடியாது." கோபத்தில் வரும் பதில்: "இத்துறையில் எல்லோரும் இதே எண்ணிக்கையைத்தான் பயன்படுத்துகிறார்கள்." இது உண்மையாகவே இருந்தாலும் பயன் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "எண்ணிக்கை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறோம். 24 என்ற எண்ணை எப்படிக் கணக்கிட்டோம் என்பதை இப்போது பக்கம் 6, வரி 14ல் சேர்த்துள்ளோம். இந்த எண்ணிக்கையில் பெரிய விளைவை மட்டுமே கண்டறிய முடியும். எனவே சுருக்கத்தில் 'நிரூபிக்கிறது' என்று இருந்ததை 'சுட்டுகிறது' என்று மாற்றி, பக்கம் 15ல் இந்த வரம்பைத் தனிப் பத்தியாக எழுதியுள்ளோம்." ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டு, மாற்றியதை இடம் சுட்டிக் காட்டியாகிவிட்டது. எடிட்டரும் எளிதில் சரிபார்க்கலாம்.

ரிவ்யூவர் தவறு என்றால் தவறு என்றே எழுதலாம், காரணத்தோடு. அவர் புரிந்துகொள்ளவில்லை என்றால், அந்த இடத்தை நாம் தெளிவாக எழுதவில்லையோ என்று ஒரு தடவை பாருங்கள். முக்கால்வாசி அப்படித்தான் இருக்கும். "இந்த ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டுங்கள்" என்று சொல்லி, ஐந்தும் ஒரே நபருடையதாக, உங்கள் ஆய்வுக்குச் சம்பந்தம் இல்லாததாக இருந்தால், சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. எடிட்டருக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள். இரண்டு ரிவ்யூவர்கள் நேர் எதிராகச் சொன்னாலும் எடிட்டரையே கேளுங்கள், முடிவு எடுப்பது அவர் வேலை.

நிராகரித்துவிட்டார்களா? அப்பட்டமான உண்மைப் பிழை இருந்தால் மட்டும் மேல்முறையீடு செய்யுங்கள். இல்லாவிட்டால் நியாயமான கருத்துகளைத் திருத்திக்கொண்டு அடுத்த ஜர்னலுக்குப் போங்கள். திருத்தாமல் போகாதீர்கள், அதே ரிவ்யூவரிடம் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937ல் உயிரணுக்கள் உணவிலிருந்து ஆற்றல் பெறும் வழியில் ஒரு பகுதியான, இன்று கிரெப்ஸ் சுழற்சி என்று அழைக்கப்படும் சுழற்சியைப் பற்றிய குறிப்பை நேச்சருக்கு அனுப்பினார். கைவசம் ஏற்கெனவே நிறையக் கடிதங்கள் இருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். என்சைமோலோகியா என்ற சிறிய இதழில் அது வெளியானது. இன்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது.

படி 9: நீங்கள் ரிவ்யூவர் ஆகும்போது

ஓரிரு கட்டுரை வெளியானதும் அழைப்பு வரத் தொடங்கும். துறை தெரியாவிட்டால், நேரம் இல்லாவிட்டால், ஆசிரியர் உங்களுக்கு வேண்டியவராகவோ போட்டியாளராகவோ இருந்தால் இரண்டு நாளுக்குள் மறுத்துவிடுங்கள். பதிலே சொல்லாமல் வைத்திருப்பது அந்தப் பக்கம் ஒரு மாணவரின் மாதங்களைத் தின்னும்.

ஒப்புக்கொண்டால் மூன்று தடவை படியுங்கள். முதல் தடவை கேள்வியும் முடிவும் பொருந்துகின்றனவா என்று மட்டும். இரண்டாவது தடவை முறையையும் வரைபடங்களையும். எலிசபெத் பிக்கும் அவர் குழுவும் உயிரியல், மருத்துவக் கட்டுரைகள் 20,621ல் உள்ள படங்களைக் கண்ணால் பார்த்தே சோதித்து, 3.8 சதவீதத்தில் சந்தேகத்துக்குரிய நகல் படங்கள் இருந்ததாக 2016ல் வெளியிட்டார்கள். அவையெல்லாம் மதிப்பாய்வைத் தாண்டி வந்தவை. ஆகவே படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றாவது தடவைதான் எழுதுவதற்கு.

அறிக்கையின் முதல் பத்தியில் கட்டுரை என்ன சொல்கிறது என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். புரிந்துகொண்டீர்களா என்று ஆசிரியர் அதை வைத்தே தெரிந்துகொள்வார். பிறகு, செய்தே ஆக வேண்டியவை எவை, செய்தால் நல்லது எவை என்று பிரித்துக் காட்டுங்கள். இந்தப் பிரிவை நான் ஒரு வருத்தமான வழியில் கற்றேன். என் ஆரம்ப நாட்களில் ஒரு கட்டுரைக்குக் கூடுதல் பரிசோதனை ஒன்று கேட்டேன். கண்டிப்பாகத் தேவையா என்று யோசிக்கவில்லை, கேட்டால்தான் கவனமாகப் படித்ததாகத் தோன்றும் என்று கேட்டேன். எட்டு மாதம் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. அந்தப் பரிசோதனையைச் செய்திருந்தார்கள். முடிவில் ஒரு வரிகூட மாறவில்லை. யாரோ ஒருவரின் எட்டு மாதம் அது. அன்றிலிருந்து ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கத்தில், இது எந்த முடிவை மாற்றக்கூடும் என்று எழுதிப் பார்க்கிறேன். எழுத முடியாவிட்டால் கோரிக்கையை அழித்துவிடுகிறேன்.

கட்டுரையை யாரிடமும் காட்டக் கூடாது. சாட்பாட்டில் போட்டு அறிக்கை தயாரிக்கவும் கூடாது, வெளியாகாத ஒருவரின் உழைப்பை வெளியே கொடுப்பது அது. கைடு தனக்கு வந்ததை உங்களிடம் எழுதச் சொன்னால், எடிட்டரிடம் உங்கள் பெயரையும் தெரிவிக்கச் சொல்லுங்கள். கையெழுத்திட்டு எழுதுவதா என்பது உங்கள் விருப்பம். நிரந்தர வேலை இல்லாதவர் பெயர் சொல்லாமல் எழுதுவதில் தப்பே இல்லை. ஆனால் பெயர் போட்டால் எழுதத் தயங்கும் வாக்கியம் எதையும் பெயர் இல்லாமலும் எழுதாதீர்கள்.

மதிப்பாய்வையே மாற்றிப் பார்க்கும் முயற்சிகளையும் கவனியுங்கள். ஈலைஃப் இதழ் 2023 முதல், மதிப்பாய்வுக்கு எடுத்த கட்டுரையை ஏற்பு, நிராகரிப்பு என்று முத்திரை குத்தாமல் மதிப்பீட்டோடு சேர்த்து வெளியிடுகிறது. எல்லாத் துறைக்கும் பொருந்துமா என்பது பார்க்க வேண்டியது. ஆனால் ரிவ்யூவரின் உழைப்பு வாசகருக்கும் கிடைப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

படி 10: வெளியான பிறகு

ஏற்கப்பட்ட பிரதியைக் காப்பகத்தில் ஏற்றுங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாக இருக்கும் ஆர்கிட் எண்ணோடு அதை இணையுங்கள். வெளியான கட்டுரைகளைப் பற்றி விவாதிக்கும் பப்பியர் தளத்தில் யாராவது உங்கள் கட்டுரையைப் பற்றிக் கேள்வி எழுப்பியிருக்கிறார்களா என்று அவ்வப்போது பாருங்கள், கேட்டிருந்தால் தரவோடு பதில் சொல்லுங்கள்.

பிழை தெரியவந்தால்? சின்னதாக இருந்தால் திருத்தக் குறிப்பு. முடிவையே பாதித்தால் கட்டுரையைத் திரும்பப் பெறுவது. 2018ல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் ஆர்னால்ட், அடுத்த ஆண்டு சயன்ஸில் வெளியான தன் கட்டுரையின் முடிவுகளை மீண்டும் பெற முடியவில்லை என்று தெரிந்ததும் 2020 ஜனவரியில் திரும்பப் பெற்று, தானே பொதுவில் அறிவித்தார். சக ஆராய்ச்சியாளர்களிடமிருந்து அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் பாராட்டு.

அடுத்தவர் கட்டுரையில் மோசடி இருப்பதாகச் சந்தேகம் வந்தால், ஆளைப் பற்றி எழுதாமல் தரவைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எந்தப் படம், எந்த அட்டவணை, எது எதோடு முரண்படுகிறது. முதலில் எடிட்டருக்கு, பிறகு நிறுவனத்தின் நேர்மைக் குழுவுக்கு. அந்த ஆள் உங்கள் ஆய்வகத்திலேயே இருந்தால் ஆதாரங்களின் நகலும் தேதியும் பத்திரம். யாரிடமும் பேசும் முன், அந்த ஆய்வகத்தைச் சாராத நம்பகமான மூத்தவர் ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள். விசாரணைகள் மெதுவாக நடக்கும், பல வருடம்கூட ஆகும். அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

எங்கள் கட்டுரை ஒன்று வெளியாகி இரண்டு வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு மாணவியிடமிருந்து மூன்று வரி மின்னஞ்சல் வந்தது. தரவைப் பதிவிறக்கி எங்கள் நிரலை ஓட்டியிருக்கிறார். இணைப்பு அட்டவணையின் நான்காவது நெடுவரிசையில் இரண்டு எண்களுக்குக் கழித்தல் குறி விடுபட்டிருக்கிறதே, தான் பார்த்தது சரியா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார். சரிதான். கட்டுரையில் கையால் தட்டி ஏற்றிய ஒரே அட்டவணை அதுதான். அன்று சாயங்காலமே எடிட்டருக்கு எழுதினோம். திருத்தக் குறிப்பு அடுத்த மாதம் வெளியானது, பிழையைக் கண்டுபிடித்தவர் என்று அவர் சம்மதத்தோடு அவர் பெயரும் அதில் இருந்தது.